இருந்த இடச் சான்றிதழ்

பத்து வருஷமாக அரசாங்கத்திடம் ஒரு முக்கியமான தகவலை மறைத்து வைத்திருக்கிறேன் என்பது, தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மோட்டார் அறையில் நின்று காதைக் கொடுத்தால் எந்த மாடியில் எந்தக் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் உரிமம் இல்லாமல் ஒரு திருகாணியைத் தொட்டாலும் குற்றம். அதனால் வருஷா வருஷம் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். இந்த முறை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "இருந்த இடச் சான்றிதழ் எங்க?" என்றாள்.

"வீட்டு விலாசம் ரெண்டாவது தாள்ல இருக்கும்மா."

"இப்ப இருக்கிற இடம் யாருக்கு வேணும்? மேதை காலமானப்ப எங்க இருந்தீங்க? அந்தச் சான்றிதழ். இந்த வருஷத்துல இருந்து கட்டாயம்."

"அதுக்கும் லிஃப்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நான் மட்டும் சம்பந்தம் தெரிஞ்சா கேக்கறேன்? அடுத்தவங்க வாங்க."

மேதை என்றால் எங்களுக்கு ஒரே மேதைதான். வயலின் வாசித்தவர். உயிரோடு இருந்தவரை வாடகை வீட்டில் இருந்தார். கடைசிக் காலத்தில் அவர் கச்சேரிக்குப் பாதி அரங்கம் காலி என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். இறந்த பிறகு அவருக்கு ஒரு வாரியமும் ஏழு மாடிக் கட்டடமும் முந்நூறு ஊழியர்களும் கிடைத்தார்கள். நினைவு வாரியம் என்று பெயர். அவர் இசையை யார் கேட்டார்கள் என்பது வாரியத்துக்குக் கவலை இல்லை. அவர் இறந்த செய்தி டிவியில் வந்த மாலை ஐந்து பத்துக்கு யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை ஒருவர் விடாமல் எழுதி வாங்குவதுதான் வேலை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்போது ஒன்பது.

"என்னோடது ஸ்கூல்லயே குடுத்துட்டாங்கப்பா. மொத்த வகுப்புக்கும் ஒரே ஞாபகம். 'நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் கரும்பலகையைப் பார்த்தபடி விம்மினோம்.'"

"விம்மினீங்களா?"

"அஞ்சு பத்துக்கு ஸ்கூலே கிடையாது. மறுநாள் லீவுன்னதும் குதிச்சோம்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த மாலை எங்கள் வீட்டில் எப்படி முடிந்தது என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுத் தையல்காரர் இந்த விஷயத்தில் கைதேர்ந்தவர். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் நினைவு எழுதிக்கொடுத்தார். "மூணு மாதிரி வெச்சிருக்கேன். டீ கிளாஸ் கை நழுவினது, சாப்பிட உட்கார்ந்து எழுந்துட்டது, வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதது. உங்களுக்கு டீ கிளாஸ் பொருந்தும். கேள்வியே கேக்காம சீல் வெச்சிருவாங்க" என்றார்.

"வேணாங்க. நான் எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும்."

அவர் அளவு நாடாவைக் கழுத்தில் இருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையையா எழுதப் போறீங்க? அது லேசுல பாஸாகாதே!"

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று மறுநாளே தெரிந்துவிட்டது.

வாரியத்தின் லிஃப்டில் 'இயங்காது' என்று அட்டை தொங்கியது. காதை வைத்துக் கேட்டேன். நாலாவது மாடியில் கதவுப் பூட்டு சரியாக விழவில்லை, அதனால் மோட்டார் கிளம்பாமல் முனகிக்கொண்டிருந்தது. கால் மணி நேர வேலை. உரிமம் இல்லாததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு மாடி ஏறினேன்.

இடச் சரிபார்ப்புப் பிரிவில் ஒரு குமாஸ்தா இருந்தார். பச்சை மையில் எழுதுவார், எழுதும்போது நிமிரவே மாட்டார். நான் போய்வந்த நாட்களில் ஒருமுறைகூட அவர் முகத்தை முழுசாகப் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பச்சை மை என்றே சொல்கிறேன்.

"அஞ்சு பத்துக்கு?"

"ஆஸ்பத்திரில."

"நின்னுட்டா, உக்காந்தா, படுத்தா?"

"உக்காந்திருந்தேன்."

"கையில என்ன இருந்தது?"

"என் மனைவி கை."

"கீழே விழுந்ததா?"

நான் அவர் பேனாவையே பார்த்தேன். பச்சை மை நிமிராமலே பேனாவால் மேசையைத் தட்டினார். "டீ கிளாஸுக்கான கேள்விங்க அது. அறுபத்திரண்டு சதவீதம் பேருக்குக் கீழே விழுந்திருக்கு. எல்லார்கிட்டயும் கேக்கணும்னு உத்தரவு. செய்தி கேட்டதும் அழுதீங்களா?"

"அழுதேன். செய்திக்காக இல்லைங்க. அந்த நேரத்துலதான் என் மனைவி இறந்து போனா."

பேனா நின்றது. "அது எப்படிங்க? அன்னிக்கு வேற யாரும் சாகலையே."

இதை விளக்கியாக வேண்டும். மேதை இறந்த தேதியில் வேறு எந்த மரணமும் பதிவாகக் கூடாது என்று அன்று மாலையே ஓர் உத்தரவு போனது. பதிவேட்டில் அந்தப் பக்கம் அவர் ஒருவருக்காக மட்டும் இருக்க வேண்டுமாம். நாடு முழுவதும் அன்று இறந்தவர்களை எல்லாம் மறுநாள் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். என் மனைவியின் இறப்புச் சான்றிதழிலும் மறுநாள் தேதிதான். அப்போதே கேட்டேன். "பின்னாடி திருத்திக்கலாம், இப்ப எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நான் இருந்த நிலைமையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்து வருஷமாக அந்தத் தாளை வெளியே எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன். அவள் வாழாத ஒரு நாளை அவள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அவள் போன நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் தெருவிலேயே மேதையின் வயலினை உண்மையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். துணி மடிக்கும்போது அவருடைய மெட்டு ஒன்றை முனகுவாள். ஒரே இடத்தில் எப்போதும் தப்பு வரும். அங்கே நின்று, சிரித்து, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள். அவர் போன செய்தி அவள் காதுக்கு எட்டவே இல்லை.

"பதிவேட்டின்படி உங்க வீட்டம்மா அஞ்சு பத்துக்கு உயிரோட இருந்திருக்காங்க" என்றார் பச்சை மை. "வயசும் பதினெட்டுக்கு மேல. அப்ப அவங்க படிவம் எங்க?"

"மறுநாள் செத்துப் போனதா நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது இறப்புப் பிரிவுங்க, வேற கட்டடம். அங்க இருந்து எங்களுக்கு எந்த விவரமும் வராது. அஞ்சு பத்துக்கு உயிரோட இருந்தாங்களா, எங்களுக்கு அது போதும்." ஒரு வெள்ளைப் படிவத்தில் என் மனைவியின் பெயரை எழுதி என் பக்கம் தள்ளினார். "நேர்ல வந்து குடுக்கச் சொல்லுங்க."

என்னால் அந்தப் படிவத்தைத் தொடவே முடியவில்லை. தேதியைத் திருத்த யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இணை இயக்குநரைக் காட்டினார்.

இணை இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் துக்கம்னு ஒரு அளவு இருக்கு. ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க வீட்டுச் சாவுக்கு அழ ஆரம்பிச்சா மேதைக்கு என்ன மிஞ்சும்? சிதறிப் போயிருமே! அதனாலதான் அன்னிக்கு ஒருநாள் மத்த எல்லாரையும் ஒத்தி வெச்சோம். யாரையும் வேண்டாம்னு சொல்லலியே. மறுநாள் தாராளமா இறந்துக்கலாம்னு அனுமதி குடுத்தோம்."

"அவ காத்திருக்கலைங்களே."

"அது தனிநபர் பிரச்சினை" என்றார் அன்போடு.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எனக்கு வாய் தடுமாறும். "நீங்க அவர் வயலினைக் கேட்டிருக்கீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கங்க நேரம்? இந்த வேலையே சரியா இருக்கு." சுவரில் இருந்த மேதையின் படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தேதியைத் திருத்தணும்னா சாட்சி வேணும். அன்னிக்கு அந்த இடத்துல உங்களைப் பார்த்தவங்க, அவங்க நினைவும் ஏற்கெனவே எங்களால ஏத்துக்கப்பட்டிருக்கணும். அப்படி ஒருத்தர் இருந்தா கூட்டிட்டு வாங்க."

அப்படி ஒருத்தரை நான் எங்கே தேட? வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் அப்போதே வயசானவர்கள். நான் வெளியே வந்து கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவர் முழுக்கப் பரிசு வாங்கிய நினைவுகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒரு மலையேறி உச்சியிலேயே மண்டியிட்டிருக்கிறார். ஒரு மாப்பிள்ளை மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நடுவில், மற்றதைவிடப் பெரியதாக, முதல் பரிசு. சும்மா இருக்க முடியாமல்தான் எழுந்து போய்ப் படித்தேன்.

'நான் ஆஸ்பத்திரியில் செவிலியாகப் பணியில் இருந்தேன். கூடத்து டிவியில் அந்தச் செய்தி வந்ததும் கையில் இருந்ததை வைத்துவிட்டு ஓடினேன். என் பின்னால், மூன்றாவது வார்டின் வாசலில் நின்று யாரோ ஒருவர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். என் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் மேதையைத் தவிர எனக்கு உலகமே இல்லை. கண்ணீர் நின்று நான் திரும்பியபோது அந்தக் குரலும் நின்றிருந்தது.'

மூன்று முறை படித்தேன். மூன்றாவது வார்டு. அந்த யாரோ ஒருவர் நான்தான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்கு அந்த முதுகு நினைவிருந்தது. வெள்ளைச் சீருடை, பின்னலில் கறுப்பு ரிப்பன், டிவிக்கு முன்னால் ஏழெட்டு முதுகுகளில் ஒன்று. பத்து வருஷமாக அந்த முதுகை நான் திட்டாத நாள் இல்லை. அதைத்தான் சட்டம் போட்டு, கீழே விளக்கு வைத்து மாட்டியிருந்தார்கள்.

நான் போய்ச் சொன்னதும் இணை இயக்குநர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நீங்களா அந்தக் குரல்! பத்து வருஷமா தேடறோம்!"

"அப்ப நான் அங்க இருந்தேன்னு ஆதாரம் ஆச்சே. தேதியைத் திருத்திடுவீங்களா சார்?"

"எல்லாம் பார்க்கலாம். வர்ற பத்தாம் ஆண்டு விழாவுக்கு மந்திரி வர்றார். முதல் பரிசு நினைவை மேடையில நடத்திக் காட்டறோம். குரலுக்கு ஒரு ஆளைப் போடலாம்னு இருந்தோம். அசலே கிடைச்சுட்டீங்க! நீங்க மேடைக்கு வந்து கூப்பிடுங்க. விழா முடிஞ்சதும் உங்க கோப்பை நானே எடுக்கறேன்." வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்க லிஃப்ட் வேலை பார்க்கறவர்தானே? மந்திரிக்கு முழங்கால் வலி..."

"உரிமம் இல்லைங்க. அதுக்குத்தான் சார் வந்தேன்."

"வாய்மொழி அனுமதி குடுத்துட்டேன்" என்றார்.

பூட்டைச் சரிசெய்தேன். லிஃப்ட் சத்தமில்லாமல் ஏறியது. அந்தக் கட்டடத்தில் அன்று ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

மகளிடம் சொன்னபோது அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அப்பா, உங்களுக்குப் பைத்தியமா? அம்மா செத்ததை மேடையில போய் நடிக்கப் போறீங்களா?"

"நடிக்கல. கூப்பிடணும், அவ்வளவுதான். தேதியைத் திருத்திக் குடுப்பாங்க."

"தேதி சரியாயிட்டா என்ன ஆகும்?"

"அவ எப்பப் போனாளோ அப்பப் போனதா இருக்கும்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றாள். "கடைசி வரைக்கும் அம்மா கையை நீங்க பிடிச்சுட்டே இருந்தீங்க இல்ல, அதை அவங்க காட்டுவாங்களா?"

சின்ன வயதில் அவள் அடிக்கடி கேட்பாள், அம்மா பயந்தாங்களாப்பா என்று. நான் கையைப் பிடிச்சுட்டே இருந்தேன், அதனால பயப்படல என்று சொல்வேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

ஒத்திகைக்குப் போனபோது மேடையில் ஒரு கட்டில், ஒரு டிவி, நடுவில் வாசல் மாதிரி ஒரு மரச்சட்டம். கட்டிலில் தட்டச்சுப் பிரிவுப் பெண்மணி போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். என் மனைவியாம். போர்வைக்குள் மூக்குக் கண்ணாடியோடு எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நிகழ்ச்சி அமைப்பாளர் கையில் தாளோடு ஓடிவந்தார்.

"அங்க இல்லைங்க. நீங்க வாசல்ல."

"நான் கட்டில் பக்கத்துலதான் இருந்தேன்."

"பரிசு வாங்கின நினைவுல வாசல்னு இருக்கு. மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

எழுந்து வாசல் சட்டத்தில் நின்றேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது கட்டில் ஒன்பது பத்து எட்டு தள்ளி இருந்தது. அன்றும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் இருந்தது. அங்கேயே நின்றுகொண்டேன்.

அப்போதுதான் செவிலி வந்தார். இப்போது தலைமைச் செவிலியாம். நரைத்திருந்தது, கறுப்பு ரிப்பன் இல்லை. என்ன பேச வேண்டும் என்று பத்து வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாமே திட்டுதான். வாயைத் திறந்தபோது, "நான்தான் கூப்பிட்டவன்" என்று மட்டும் வந்தது.

அவர் பக்கத்தில் இருந்த டிவியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சுங்க" என்றார்.

"என்னது?"

"நீங்க கூப்பிட்டது நல்லா கேட்டுச்சு. ஒரு நிமிஷத்துல போயிடலாம்னு நின்னேன். அந்த ஒரு நிமிஷந்தான். முதல்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். வேற எங்கயும் சொல்ல முடியல, இங்கயாவது சொல்லிடலாம்னு. இவங்க அதை அடிச்சுட்டு, 'காதில் விழவில்லை'ன்னு மாத்திட்டாங்க. அதுதான் பக்தின்னு பரிசு குடுத்தாங்க. வருஷா வருஷம் மேடையில ஏத்தி அதையே சொல்ல வைக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் மனசு வரவில்லை. இரண்டு பேரும் அந்த டிவிக்குப் பக்கத்தில் சும்மா நின்றோம். கட்டிலில் இருந்த பெண்மணி, "நான் எழுந்துக்கலாமா?" என்று கேட்டார்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வராதவர்களின் சான்றிதழ் ரத்தாகும் என்று சொல்லியிருந்தார்கள். மந்திரி லிஃப்டில் வந்து இறங்கி, மேதையின் பெயரை இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லிப் பேசினார். "மேதை இறந்தபோது நான் எதிர்க்கட்சியில் இருந்தேன். அதைவிடப் பெரிய துயரம் ஒருவனுக்கு வருமா?" என்று கேட்டு உட்கார்ந்தார். மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

மேடையில் விளக்கு வந்தது. டிவியில் செய்தி ஓடியது. செவிலி கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு ஓடி, டிவிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். நான் வாசலில் நின்றேன். கூப்பிட வேண்டிய நேரத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் இருந்து அமைப்பாளர் கையை ஆட்டினார். மூன்றாவது வரிசையில் மகள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் இருந்த தரையைப் பார்த்தாள்.

"சிஸ்டர்" என்றேன். "சிஸ்டர்! இங்க வாங்களேன்! சிஸ்டர்!"

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அது நடிப்பாக இல்லை. அரங்கம் அசையவில்லை.

செவிலி திரும்பினார்.

தாளில் அப்படி இல்லை. அமைப்பாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். செவிலி டிவியை விட்டுவிட்டு ஓடிவந்தார், என்னைத் தாண்டிப் போய்க் கட்டில் பக்கம் மண்டியிட்டு, தட்டச்சுப் பெண்மணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்மணி பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டார். செவிலி குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் வாசலிலேயே நின்றேன். மந்திரி இதுவும் நிகழ்ச்சியில் இருப்பதுதான் என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

இரண்டு வாரத்தில் வாரியத்தின் உத்தரவு வீட்டுக்கு வந்தது. ஏற்கப்பட்ட நினைவை அனுமதியின்றி மாற்றியதால் செவிலியின் முதல் பரிசு பறிக்கப்படுகிறது. மந்திரியின் முன்னிலையில் செவிலி உரிய நேரத்தில் வந்து நோயாளியைக் கவனித்தது நிரூபணமாகிவிட்டதால், மூன்றாவது வார்டில் அன்று மரணம் எதுவும் நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே தேதியைத் திருத்தும் கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது. விண்ணப்பதாரரின் மனைவி தன் படிவத்தை முப்பது நாளுக்குள் நேரில் வந்து கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால், அவரையே சாட்சியாக வைத்து விண்ணப்பதாரர் தன் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளலாம்.

அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு உத்தரவை என் கையில் இருந்து வாங்கி மெதுவாகப் படித்தாள்.

"நேர்லதானே வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். "வாங்க, போகலாம்."

ஏழாவது மாடியில் பச்சை மைக்கு முன்னால் போய் அவள் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். பச்சை மை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால், இறந்தபோது முப்பத்துநாலு வயதாக இருந்த ஒருத்தி பத்து வருஷம் கழித்துப் பத்தொன்பது வயதில் வந்திருப்பதைப் பார்த்திருப்பார்.

"அஞ்சு பத்துக்கு?"

"ஆஸ்பத்திரில. மூணாவது வார்டு."

"நின்னுட்டா, உக்காந்தா, படுத்தா?"

"படுத்திருந்தேன்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"செத்துட்டிருந்தேன்."

பேனா நிற்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அதையும் எழுதினார். தேதி, நேரம் என்று இருந்த கட்டங்களை நிரப்பினார். அந்த நாள். அந்த ஐந்து பத்து.

"கையில என்ன இருந்தது?"

மகள் அந்தப் படிவத்தைக் குனிந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. சொல்லிவிடட்டும் என்றுதான் நினைத்தேன். யாராவது ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

"என் வீட்டுக்காரர் கை" என்றாள்.

"கீழே விழுந்ததா?"

"இல்ல."

மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். ஒரு பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். என் சான்றிதழுக்கு அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். ஐந்தே நிமிஷத்தில் அதுவும் கிடைத்தது. சாட்சி என்ற இடத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது.

லிஃப்டில் இறங்கினோம். நான் பழுதுபார்த்த லிஃப்ட்தான். நாலாவது மாடியையும் தயங்காமல் தாண்டியது. அவள் அந்தத் தாளைக் கண்ணெதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அம்மா எந்த நாளில், எந்த நேரத்தில் போனாள் என்று அரசாங்க முத்திரையோடு அதில் இருந்தது.

"நான் வாசல்லதாம்மா நின்னேன்" என்றேன். "கையை விட்டுட்டுத்தான் போனேன். கூப்பிடப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

"தெரியும்ப்பா. மேடையில பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"அம்மாகிட்ட கேட்டிருந்தா அப்படித்தானேப்பா சொல்லியிருப்பாங்க."

கீழ்த்தளம் வந்தது. கதவு திறந்தது. வெளியே மேலே போக ஏழெட்டுப் பேர் கையில் படிவத்தோடு காத்திருந்தார்கள். நான் உள்ளேயே நின்றிருந்தேன். அவர்களில் ஒருவர், "இறங்கறீங்களா, இல்லையா?" என்று கேட்டார். மகள் என் கையைப் பிடித்தாள். இறங்கினோம்.